எட்டுச் சட்டையும் ஆர்ட்டிஸ்ட் அண்ணாச்சியும்

ஏசி ஹால் திறப்பு விழாவுக்கு முதலாளி வந்திருந்தார். முதலாளியின் மாமனார் வந்திருந்தார். ரிப்பன் வெட்ட வார்டு கவுன்சிலர், கத்தரிக்கோல் தட்டோடு மேனேஜர், வாசலில் வரிசையாக எட்டு சப்ளையர்கள், அவர்களுக்குப் பின்னால் முகம் வெளிறிப்போய் நான். அடுக்களை ஜன்னலில் மாவுக் கையோடு எட்டிப் பார்த்துக்கொண்டு என் அப்பா. வராத ஆள் ஒருத்தர்தான், ஆர்ட்டிஸ்ட் அண்ணாச்சி. ஆனால் ரிப்பனை வெட்டிய கையோடு கவுன்சிலர் விசாரித்தது அவரைத்தான்.

"இந்த ஷர்ட்டொக்கெ தைச்சது ஆரா?"

அதற்கு நேராகப் பதில் சொல்ல முடியாது. திருவனந்தபுரத்தில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, அதை மிதித்துக்கொண்டே, 'நான் தையல்காரன் இல்லை' என்று இருபது வருஷம் சாதித்த ஒரே மனிதர் அவர்.

கரமனைப் பாலத்துக்குப் பக்கத்தில் அவர் கடை. போர்டில் பெயர் கிடையாது, தொழிலும் கிடையாது. ஒரு சட்டையின் படம், தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சூரியன். அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்கள் லாட்டரிக் கடை என்று நினைத்து டிக்கெட் கேட்பார்கள்.

"டெய்லர்னு நாலு எழுத்து சேத்துப் போட்டா என்ன அண்ணாச்சி?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

நாகர்கோவில் பக்கத்து ஆள். கோபம் வந்தால் குரல் ஏறாது, கண்ணாடிதான் மூக்கிலிருந்து இறங்கும். "தைக்கிறது மெஷினுவே. நான் யோசிக்கேன்."

"அப்ப ஏன் லேட்டாகுது?"

"மெஷினு சும்மாதான் கெடக்கு. யோசன வரல்ல."

உள்ளே தரையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி சொன்னாள்: "அவரு யோசிப்பாரு தம்பி. நான் பட்டன் தைப்பேன். யோசனைய மட்டும் போட்டுக்கிட்டு வெளிய போவ முடியாதுல்லா?"

அவரிடம் சட்டை தைக்கப் போனால் முதலில் டேப்பை எடுக்க மாட்டார். பாலம் வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வரச் சொல்வார். கரமனை பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க, ஆள் நடந்து காட்ட வேண்டும். கல்லூரியில் சேர்ந்த வருஷம் நான் அப்படி நடந்தேன். திரும்பி வந்ததும், "உம்மது பயந்த தோளு. தச்சுத்தான் நிமித்தணும்" என்றார். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டால் யாரோ பின்னாலிருந்து காலரைப் பிடித்துத் தூக்கியது மாதிரி இருக்கும். மூன்று வருஷம் நிமிர்ந்தே பி.காம். படித்தேன்.

ஆல்ட்டரேஷன் என்ற வார்த்தையைக் கடைக்குள் சொல்லக் கூடாது. ஸ்ரீவராகத்திலிருந்து ஒரு பாங்க் மாமா, "வயித்துகிட்ட கொஞ்சம் பிடிக்கறது ஓய், பிரிச்சு விடும்" என்று சட்டையை நீட்டினார். அண்ணாச்சி வாங்கவே இல்லை. "சட்டையில கொறையில்ல. வயித்த ஆல்ட்டர் பண்ணிட்டு வாரும்."

ஒரு நாள் தையல் தொழிலாளர் யூனியன்காரர்கள் சந்தாவுக்கு வந்தார்கள். நான் கடையில் இருந்தேன்.

"நான் தொழிலாளி இல்ல" என்றார் அண்ணாச்சி.

"பின்னே முதலாளியோ?"

"அதுவும் இல்ல."

"பின்னே எந்தா சேட்டா?"

"ஆர்ட்டிஸ்ட்."

வந்தவர் கொஞ்சமும் அசரவில்லை. பைக்குள் கையை விட்டு வேறொரு ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். "ஆர்ட்டிஸ்டுகளுக்கும் யூனியன் உண்டு சேட்டா."

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம், ஒரு தடவை தைத்த மாதிரி அவர் இன்னொரு தடவை தைக்க மாட்டார். அண்ணன் சட்டை நன்றாக இருக்கிறது, தம்பிக்கும் அதேபோல என்றால் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "அவன் வேற, இவன் வேற. ஒரே சட்டைன்னா ரெண்டு பேருல ஒருத்தனுக்குப் பொய்யத்தானே தச்சுக் குடுக்கேன்?"

இப்பேர்ப்பட்ட மனிதரிடம்தான் நான் யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்தேன்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஹோட்டல். அங்கே அப்பா அடுக்களையில் மாவாட்டினார். நான் டிகிரி முடித்ததும் அதே ஹோட்டலில் கணக்கெழுதச் சேர்ந்தேன். அடுக்களைக்கும் கல்லாவுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். எங்கள் குடும்பம் அதைத் தாண்ட ஒரு தலைமுறை ஆயிற்று. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேனேஜர் முதன்முதலாக என்னை நம்பி ஒரு பொறுப்பைத் தந்தார். காப்பிப்பொடி நிறத்தில் ஒரு முழுச் சுருள் துணி, எட்டு சப்ளையர்களுக்குச் சட்டை. ஏசி ஹால் திறப்பன்று எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி நிற்க வேண்டும்.

"எல்லாம் ஒண்ணு போலே வேணும், கேட்டோ? இது செரியாயால் நின்ட ஜோலி பெர்மனென்ட்."

ஓணம் நெருங்கிய நேரம். ஊரில் எந்த டெய்லரும் தலை நிமிரவில்லை. அண்ணாச்சி ஒருத்தர்தான் நிமிர்ந்து உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"எட்டு பேருக்கு ஒரே சட்டயா?" கண்ணாடி இறங்கியது. "அதுக்கு எட்டு பேரு எதுக்குவே? ஒருத்தன வச்சு நடத்தச் சொல்லும்."

"அண்ணாச்சி, என் வேலை இதுலதான் இருக்கு."

மதினி உள்ளேயிருந்து, "நம்ம அடுப்பும் இதுலதான் இருக்கு" என்றாள்.

அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு, ஆட்களை நேரில் பார்க்க வேண்டும் என்றார். மறுநாள் மத்தியானம் ஹோட்டலுக்கு வந்து, மூலை மேசையில் ஒரு வடையும் இரண்டு சாயாவுமாகச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். போகும்போது, "துணி ஒண்ணு, நெறம் ஒண்ணு, பட்டன் ஒண்ணு. போதும்லா?" என்றார். நானும் படித்தவன்தானே, பெருமையாகத் தலையாட்டினேன்.

திறப்பு விழா அன்று காலையில் மதினி பார்சலைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அவரு வரல்ல. செஞ்ச சாதனத்துக்கு முன்னால ஆர்ட்டிஸ்ட் நிக்கப்பிடாதாம்."

பிரித்தேன். துணி ஒன்று. நிறம் ஒன்று. பட்டன் ஒன்று. மற்றதெல்லாம் எட்டு.

முருகேசன் பரிமாறும்போது சட்டைக் கை சாம்பாரில் நனையும். அவருக்கு முழங்கைக்கு மேலே நிற்கும் கை. பேனாவைத் தொலைத்துக்கொண்டே இருக்கும் செல்லப்பனுக்கு மூன்று பாக்கெட், ஒவ்வொன்றுக்கும் பட்டன். குள்ளமான தங்கப்பனுக்கு, ஆள் உயரமாகத் தெரிய மேலிருந்து கீழே கோடு மாதிரி தையல். நின்றபடியே தூங்கும் பால்ராஜுக்கு அட்டை வைத்த உயரமான காலர், தலை சாய முயன்றால் தாடையில் குத்தும். அம்பாசமுத்திரத்துக்காரர் சுடலைமுத்துவின் சட்டைக்குப் பாக்கெட்டே இல்லை.

"எனக்கு மட்டும் ஏன் பாக்கெட் வைக்கல்ல?" என்று சுடலைமுத்து எகிறினார்.

தட்டிலிருந்து குறைகிற பருப்புவடை எங்கே போகிறது என்று ஹோட்டல் முழுக்கத் தெரியும். ஒரு மத்தியானம் வந்து உட்கார்ந்த மனிதருக்கும் தெரிந்துபோயிருந்தது.

மேனேஜர் வந்து பார்த்தார். "எந்தாடோ இது? யூனிஃபார்மோ, நாடகக் கம்பெனியோ? பி.காம்காரனல்லே நீ? ஒண்ணும் எட்டும் வேற வேறன்னு படிப்பிச்சில்லே?"

கவுன்சிலரின் கார் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் எட்டு பேரும் போட்டுக்கொண்டு நின்றார்கள். கவுன்சிலருக்கு என்னவோ பிடித்துப்போய்விட்டது, "நல்ல வெரைட்டி" என்றார். மேனேஜர் எனக்குப் பின்னால் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

அதோடு முடிந்திருந்தால் தப்பித்திருப்பேன். பிரச்சினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

அதுவரைக்கும் சாப்பிட வருகிறவர்களுக்கு சப்ளையர் என்றால் யாரோ ஒருத்தர். சாம்பார் சிந்தினாலும், பில்லில் தப்பு வந்தாலும், கல்லாவில் வந்து "ஒரு சப்ளையர்" என்பார்கள். எந்த சப்ளையர் என்றால் தெரியாது. எட்டு பேரும் ஒருத்தர் தப்பை ஒருத்தர் மூடிக்கொண்டு சௌகரியமாக இருந்தார்கள். இப்போது, "ஆ மூணு பாக்கெட்டுகாரன் சாயா மறந்நு", "காலர் பொங்கிய ஆள் என்ட முன்னில் கொட்டாவி விட்டு" என்று ஆளைக் கரெக்டாக அடையாளம் சொன்னார்கள். பால்ராஜ் தன் வாழ்நாளில் வாங்காத திட்டை ஒரே வாரத்தில் வாங்கினார்.

டிப்ஸுக்குக் கல்லா பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர் உண்டு. யாருக்குக் கிடைத்தாலும் அதில் போட வேண்டும், ராத்திரி சமமாகப் பங்கு. இப்போது காசையும் ஆள் பார்த்துக் கொடுத்தார்கள். "இது ஆ பாக்கெட் இல்லாத பாவத்தினு." அதிகம் டிப்ஸ் வாங்கியது சுடலைமுத்து. இரக்கப்பட்டுக் கொடுத்தார்கள். வாங்கி வைக்கத்தான் பாக்கெட் இல்லை, கையில் பொத்திக்கொண்டே இட்லி பரிமாறினார்.

"டம்ளர்ல போடுவே" என்றார் முருகேசன்.

"எனக்குன்னு குடுத்தது, ஏன் போடணும்?"

"நேத்து வரைக்கும் ஒன் வடைக்கு நான் காவலு நின்னேன்லா?"

டம்ளர் காலியாயிற்று. எட்டு பேரும் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்கள். கடைசியில் எட்டு பேரும் சேர்ந்தே மேனேஜர் முன்னால் போய் நின்றார்கள்.

"எங்களுக்கு எல்லாரும் ஒண்ணுபோல இருக்கணும் சார்."

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். புதுத் துணி ஹோட்டல் தரும். பழைய எட்டையும் திரும்ப வாங்கி விற்றோ என்ன செய்தோ அந்தப் புதுத் துணியின் காசை நான் ஈடுகட்ட வேண்டும். "இல்லேங்கில் மாசம் முடியும்போ நீயும் அச்சனும் ஒருமிச்சு வண்டி கேறிக்கோ."

அப்பா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டார்: "நா மட்டும் உள்ள இருந்தப்ப ஒரு பயலும் என்னய வண்டி ஏறச் சொல்லலியே?"

கரமனைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அண்ணாச்சி மெஷினிலிருந்து காலை எடுத்தார்.

"எட்டு பேருமா சொன்னானுவ?"

"எட்டு பேரும்."

"அந்தப் பாக்கெட் இல்லாதவன்?"

"அவர்தான் அண்ணாச்சி மொத ஆளு."

"அப்ப அவனுக்குச் சட்ட நல்லா பொருந்திட்டு" என்றார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "ஒரு மனுசன் எப்பிடி கொட்டாவி விடுதான்னு அவன் பெண்டாட்டிகூட நின்னு பாத்திருக்க மாட்டா. நான் பாத்தேன்வே. வட திங்க வந்தவன் பாத்தேன்."

புதுத் துணியை அவர் முன்னால் வைத்தேன். அதைத் தடவினார், மடித்தார், மறுபடி பிரித்தார்.

"இது திமிரில்ல, கேட்டீரா? எனக்கு வராது. ரெண்டு தச்சிருவேன். மூணாவதுல கை தானா வளஞ்சிரும். பொழப்ப கெடுத்துட்டேன்லா உமக்கு?"

இருபது வருஷமாகப் பார்க்கிறவர்கள் யாரும் அவர் தோள் இறங்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு இறங்கியிருந்தது. நல்ல வேளையாக மதினி எழுந்தாள்.

"தள்ளி உக்காருங்க."

மறுநாள் மத்தியானத்துக்குள் எட்டுச் சட்டையையும் தைத்து முடித்துவிட்டாள். அடுக்கி வைத்தால் ஒன்றின் விளிம்பு இன்னொன்றைத் தாண்டவில்லை. அண்ணாச்சி ஒவ்வொரு காலராகத் தொட்டுப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு கையின் மேல் இன்னொரு கையை வைத்து அளந்தார். நிஜமாகவே பயந்துபோனார்.

"எப்பிடிட்டீ? எட்டும் ஒண்ணுபோல இருக்கு! நீ பெரிய ஆர்ட்டிஸ்டுட்டீ!"

"போங்க அங்கிட்டு" என்றாள் மதினி. "ஆர்ட்டிஸ்டுனா இது நடந்திருக்குமா? நான் டெய்லரு."

அவர் மறுத்துப் பேசவில்லை. அதை நான் முதல்தடவையாகப் பார்த்தேன்.

புதுச் சட்டை வந்ததும் டம்ளர் நிறைய ஆரம்பித்தது. முருகேசனும் சுடலைமுத்துவும் பேசிக்கொண்டார்கள். தட்டில் வடை வழக்கம்போலக் குறைந்தது. எனக்குப் பாக்கியிருந்தது பழைய எட்டுச் சட்டை. கேட்டுப் போனேன்.

"ஆத்துல போச்சு தம்பி" என்றார் முருகேசன்.

"எனக்கும்" என்றார் தங்கப்பன்.

"கொடியில போட்டிருந்தேன், காக்கா தூக்கிட்டுப் போயிட்டு" என்றார் சுடலைமுத்து.

"சட்டையையா?"

"பெரிய காக்கா."

ஒரே நாளில் எட்டு பேருக்கும் சட்டை தொலைந்துபோயிருந்தது. மேனேஜர் விசாரித்துப் பார்த்துவிட்டு, யூனிஃபார்ம் தொலைத்தால் உள்ள சட்டப்படி ஆளுக்கு அறுபது ரூபாய் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னார். டிப்ஸ் டம்ளரில் எட்டணா குறைந்தால் சட்டையைப் பிடிக்கிற ஆட்கள். ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்குமுகம் கடற்கரையில் சுடலைமுத்துவைப் பார்த்தேன். ஊரிலிருந்து வந்த மனைவிக்குக் கடலைக் காட்டிக்கொண்டிருந்தார். காப்பிப்பொடி நிறச் சட்டை, பாக்கெட் இல்லாதது. பஸ்ஸுக்கான சில்லறையைக் கையில் பொத்திக்கொண்டு ராஜா மாதிரி நின்றார். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி திகைத்து, பிறகு இல்லாத பாக்கெட்டைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்.

மாசக் கடைசியில் அந்தப் பிடித்தத்திலேயே துணிக்காசு சரியாக அடைந்தது. என் வேலை நிரந்தரமாயிற்று. அவர்கள் கொடுத்தது எனக்காகவா சட்டைக்காகவா என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருஷக் கணக்கு வேலையில் எத்தனையோ பேர் சம்பளத்தில் பிடித்தம் எழுதியிருக்கிறேன், மனசு நிறைந்து எழுதியது அந்த ஒன்றைத்தான். எட்டு பேருக்கும் சேர்த்து, நானூற்று எண்பது ரூபாய்.