குப்லான் மகாராணியின் இருப்பிடச் சான்று

ஒரு காட்டில், எந்தக் காடு என்று கேட்காதீர்கள், கேபிள் டி.வி. போய்ச் சேர்ந்துவிட்ட ஏதோ ஒரு காட்டில், அம்சவேணி என்று ஓர் அழுங்கு இருந்தாள். கதை வழக்கப்படி ‘இருந்தது’ என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பின்னால் அவள் பெரிய நடிகை ஆகப்போகிறாள். அப்போது மரியாதையைக் கூட்டினால் என்னை ஜால்ரா என்பீர்கள். அதனால் இப்போதே ‘இருந்தாள்’ என்று போட்டுவிடுகிறேன்.

அழுங்கைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. தலை முதல் வால் வரை ஓடு ஓடாகச் செதில் இருக்கும். நாக்கு நீளம். எறும்புதான் மூன்று வேளைச் சாப்பாடு. யாராவது உரக்கத் தும்மினால்கூடப் பயந்து பந்தாகச் சுருண்டுகொள்ளும். இப்படிப்பட்ட ஒருத்தி கேமரா முன்னால் நின்றாள் என்றால் அதற்குக் காரணம் திறமை அல்ல. தையல்சிட்டு லீவு போட்டதுதான்.

வனத் தொலைக்காட்சியில் அப்போது ஒரு புது விஞ்ஞானத் தொடர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெயர் ‘வானத்து வில்லங்கம்’. இயக்குநர் பரந்தாமன் என்ற கீரி. வேற்றுக்கிரக மகாராணிக்கு உடை தைக்க வேண்டிய தையல்சிட்டு, முட்டை வைக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கூட்டுக்குப் போனது போனதுதான். பரந்தாமன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது அந்தப் பக்கமாக அம்சவேணி புற்றுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

“அம்மா, அம்மா, அப்படியே நில்லுங்க! இந்த டிரெஸ்ஸ எங்க தெச்சீங்க?”

“தெக்கலீங்க. பொறந்ததுலேர்ந்தே இருக்கு.”

“நடிக்கிறீங்களா?”

“என்ன குடுப்பீங்க?”

“என்ன வேணும்?”

“எறும்பு.”

ஒப்பந்தம் அவ்வளவுதான் நடந்தது.

மூன்று நாள் வேலை. குப்லான் கிரகத்து மகாராணி விண்கலத்தில் வந்து இறங்க வேண்டும், “பூமியே, மண்டியிடு!” என்று கர்ஜிக்க வேண்டும், ஐந்தாவது எபிசோடில் விஞ்ஞானி மயிலின் கையால் சாக வேண்டும். முதல் நாளே அம்சவேணி மதியச் சாப்பாட்டை முடிக்காமல் ஷாட்டுக்கு வந்துவிட்டாள். வசனம் சொல்ல வாயைத் திறந்தபோது நாக்கில் இன்னும் நாலு எறும்பு ஓடிக்கொண்டிருந்தது. அவள் சொன்னது இப்படி வெளியே வந்தது:

“குப்ரா சிக் சிக் லாம்!”

பரந்தாமன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “இது குப்லான் பாஷை! இதையே வெச்சுக்குவோம்!”

ஐந்தாவது எபிசோடில் மயில் லேசர் துப்பாக்கியை நீட்டியது. பட்டாசு வெடித்தது. அம்சவேணிக்கு உயிர் போய் உயிர் வந்தது. பந்தாகச் சுருண்டு, சரிவில் உருண்டு, மயிலை இடித்துத் தள்ளிவிட்டு, கேமராவையும் தள்ளிவிட்டு நின்றாள். மறுநாள் காடே அதைப் பற்றித்தான் பேசியது. ‘மகாராணி ஆயுதமாக மாறிவிட்டாள்!’ அப்புறம் அவளை எப்படிக் கொல்வது? தொடர் பதினோரு வருடம் ஓடியது. மயில் கோபித்துக்கொண்டு பக்தித் தொடருக்குப் போனது. அங்கே அதற்கு வாகன வேடம் கொடுத்தார்கள்.

புகழ் வந்தது. புகழோடு திட்டும் வந்தது. ரேஷன் கடை அணில் அவளுக்குச் சாமான் போட மறுத்தது. “போன வாரம் எங்க நிலாவ ரெண்டா ஒடச்சியே, இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மண்ணெண்ண கேக்க வந்த?” என்று கேட்டது. மான்கள் பிறந்த குட்டிகளைத் தூக்கி வந்து, குப்லான் பாஷையில் பேர் வைக்கச் சொல்லிக் கேட்டன. பக்கத்து வளை முயல் சிவகாமி பதினாலு வருடமாக அவளோடு ஒரே இலுப்பை மரத்தடியில் குடியிருப்பவள். அவளே ஒருநாள், “மகாராணியக்கா, உங்க கிரகத்துல தண்ணி ஒழுங்கா வருதா?” என்று விசாரித்தாள்.

“நான் இங்கயே பொறந்தவடி, சிவகாமி!”

“எவ்ளோ தன்னடக்கம்!” என்றாள் சிவகாமி.

பிறகு ஒருநாள் தொடர் முடிந்தது. எல்லாத் தொடரும் முடியும். அம்சவேணி வேறு வேடம் தேடினாள். அண்ணி வேடம் கேட்டாள், டாக்டர் வேடம் கேட்டாள். ஒரு குடும்பத் தொடரில் மட்டும் மகன் கல்யாணத்தில் அழுகிற அம்மாவாக மூன்று காட்சி கிடைத்தது. நிஜமாகவே நன்றாக அழுதாள். மறுவாரம் தொலைக்காட்சி நிலையத்துக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது. ‘மாப்பிள்ளை வேற்றுக்கிரகத்து ஆள் என்பதைப் பெண்வீட்டாரிடம் மறைத்தது பெரிய துரோகம்.’ அத்தோடு அந்தக் கல்யாணமும் நின்றது, தொடரும் நின்றது.

சரி, போதும் நடிப்பு, இலுப்பை மரத்தடியில் நிம்மதியாக எறும்பு தின்று வாழலாம் என்று அவள் முடிவு செய்த வாரத்தில்தான் காட்டு நிர்வாகம் அந்த உத்தரவைப் போட்டது. காட்டில் உள்ள எல்லோரும் பங்குனி முடிவதற்குள் இருப்பிடச் சான்று வாங்க வேண்டும். சான்று இல்லாதவர்களின் வளை, புற்று, கூடு, பொந்து எல்லாம் எடுத்துக்கொள்ளப்படும்.

இலுப்பை மரத்தடி வளை அம்சவேணியின் அம்மா தோண்டியது. உள்ளே இருக்கும் இரண்டாவது அறையை அம்மாவும் அவளும் சேர்ந்து ஒரு மழைக்காலம் முழுக்கத் தோண்டினார்கள். சுவரில் அம்மாவின் நகம் பட்ட கோடுகள் இன்னும் இருக்கின்றன. தினமும் அதில் முதுகைச் சாய்த்துத்தான் அவள் தூங்குவாள். பதினோரு வருடம் பூமியை அழிக்கப் பார்த்தவளுக்கு அந்தப் பூமியில் வேண்டியிருந்தது அந்த ஒரே ஒரு பொந்துதான்.

காலையிலேயே போய் வரிசையில் நின்றாள். முன்னால் எண்பது காட்டுப்பன்றிகள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எழுத்தர் கோதண்டம் இருந்தார். அவர் ஓர் உடும்பு. அரசு ஊழியர் என்பதால் ‘அவர்’. நாற்காலியை அவர் பிடித்திருந்த பிடியைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவளைப் பார்த்ததும் கோதண்டத்துக்குக் கண் விரிந்தது.

“மகாராணி! நீங்க எப்ப வந்தீங்க?”

“காலைலேர்ந்து வரிசைலதாங்க நிக்கறேன்.”

“அதில்லீங்க, பூமிக்கு.”

“ஐயா, என் பேரு அம்சவேணி. நான் அழுங்கு. படிவம் ஏழு வேணும். பொறந்தது இலுப்ப மரத்தடி.”

கோதண்டம் பேனாவைக் கீழே வைத்தார். “முதல் எபிசோட்லேர்ந்து பாக்கறவன் நான். நீங்க விண்கலத்துலேர்ந்து எறங்குனத இந்த ரெண்டு கண்ணால பாத்திருக்கேன். இலுப்ப மரத்தடியில பொறந்தத யாரு பாத்தா?”

“எங்கம்மா பாத்தாங்க.”

“கூட்டிட்டு வாங்க.”

“அவங்க போயிட்டாங்க.”

“குப்லானுக்கா?” என்று பரிவோடு கேட்டார் கோதண்டம்.

இரண்டு பக்கத்து வீட்டார் கையெழுத்து வாங்கி வந்தால் பார்க்கலாம் என்றார். அம்சவேணி சிவகாமியிடம் ஓடினாள். சிவகாமி காதைத் தொங்கப்போட்டுக்கொண்டாள்.

“மகாராணியக்கா, உங்களுக்காக உசுரக் குடுப்பேன். பொய்க் கையெழுத்து மட்டும் கேக்காதீங்க. எங்க சொந்தக்காரங்க கிட்டல்லாம் பக்கத்துல மகாராணி இருக்காங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். என் பொண்ணுக்கு வரன் வந்ததே அதனாலதான். இப்ப வெறும் அழுங்குன்னு எழுதிக் குடுத்தா மாப்ள வீட்ல என்ன நெனப்பாங்க?”

அடுத்தது பரந்தாமன். அவர் பாவம், நல்ல மனிதர், அதாவது நல்ல கீரி. உடனே லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தார்: ‘இவர் என் தொடரில் நடித்த சாதாரண அழுங்கு. குப்லான் என்ற கிரகமே கிடையாது. அதை ஒரு வியாழக்கிழமை நான்தான் கண்டுபிடித்தேன்.’

கோதண்டம் அதை இரண்டு முறை படித்தார். “யாரு இந்தப் பரந்தாமன்?”

“தொடரோட டைரக்டருங்க. பேரு போடுவாங்களே?”

“பேரு போடறப்ப நான் பல்லு வெளக்கப் போயிடுவேன். கிரகத்த இவரு கண்டுபிடிச்சாருன்னு இவரே எழுதியிருக்காரு. அப்ப கிரகம் இருக்குன்னுதான அர்த்தம்?”

புகைப்படம் எடுக்கப் போனாள். பளிச்சென்று வெளிச்சம் அடித்ததும் சுருண்டுவிட்டாள். படத்தில் ஒரு பந்துதான் இருந்தது. கோதண்டம், “அஞ்சாவது எபிசோட்!” என்று கத்தி, அந்தப் படத்தைத் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். கடைசியாக அவர் கண்ணெதிரிலேயே ஒரு புற்றைக் காலி செய்து காட்டினாள். “இது அழுங்கு சாப்பாடுதானுங்களே? இப்பவாச்சும் நம்புங்க!” வரிசை முழுக்கக் கைதட்டியது. நாற்பதாவது எபிசோடில் பூமியின் உயிர்களை விழுங்கிய காட்சியைவிட இது பிரமாதமாக இருந்ததாம்.

எட்டு முறை அலைந்தாள். பங்குனி கடைசி நாளும் வந்தது. பிற்பகலில் ஜன்னலை மூடும் நேரத்தில் கோதண்டம் எட்டாவது முறையாகப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். பின்னால் நின்ற காட்டுப்பன்றி, “நகரும்மா” என்றது. அம்சவேணிக்குச் சுருண்டுகொள்ளத் தோன்றியது. சுருண்டால் உருட்டி வெளியே விட்டுவிடுவார்கள். அம்மாவின் நகக் கோடுகள் நினைவுக்கு வந்தன. ‘என்னை என் வீட்டுல இருக்க விடுங்களேன்’ என்று சொல்ல வாயைத் திறந்தாள். பதினோரு வருடப் பழக்கம், அழுகை வரும்போது வேறொன்று வந்தது.

“குப்ரா சிக் சிக் லாம்!”

அலுவலகம் அப்படியே நின்றது. வரிசையில் நின்ற பன்றிகள் எல்லாம் மண்டியிட்டன. கோதண்டம் நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் எழுந்து அந்த அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை. உள் அறையிலிருந்து தாசில்தார் கரடி சட்டையைச் சரிசெய்துகொண்டே ஓடி வந்தார்.

“என்னய்யா இது? மகாராணிய வரிசையில நிக்க வெச்சிருக்க! படிவம் பன்னெண்ட எடு!”

படிவம் பன்னிரண்டு என்று ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் விசேஷ விருந்தினர்களுக்காக எப்போதோ அச்சடித்தது. ஒருவரும் வராததால் மேலே ஒட்டடை படிந்திருந்தது. அதற்குச் சாட்சி வேண்டாம், புகைப்படம் வேண்டாம், பிறந்த இடம்கூட வேண்டாம். நாற்காலி போட்டார்கள். இளநீர் வந்தது. கரடியே பேனாவைத் திறந்தார்.

“பூமிய அழிக்கிற எண்ணம் எதாச்சும் இருக்குங்களா?”

“இப்போதைக்கு இல்லீங்க.”

“ரொம்ப சந்தோஷம். எங்க தங்கணும்னு பிரியப்படறீங்க?”

அம்சவேணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். “இலுப்ப மரத்தடியில ஒரு வள இருக்குதுங்களே.”

கரடி பதிவேட்டைப் புரட்டினார். “அதுல அம்சவேணின்னு ஒரு அழுங்கு இருக்காம். சான்று வாங்கல. அந்தம்மா எட்டு தடவ விண்ணப்பம் போட்டிருக்கே, என்னய்யா கோதண்டம்?”

“ஆமாங்க சார். ஒரு தடவகூட நேர்ல வரல. அவங்களுக்காக மகாராணிதான் எட்டு தடவையும் நடந்தாங்க. எவ்ளோ பெரிய மனசு!”

“மகாராணிய அலைய விட்டிருக்காளா? இன்னைக்கே அவள காலி பண்ண வெச்சு, வளைய உங்க பேருக்கு மாத்திடறோம்!”

அம்சவேணிக்குத் தன்மேலேயே பாவமாக இருந்தது. ஒரு நிமிடம், உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். பிறகு, இதுவரை உண்மையைச் சொன்னதால்தானே இத்தனை நாள் வரிசையில் நின்றோம் என்று தோன்றியது. கையெழுத்துப் போட்டாள். மாலையில் வளையைக் காலி செய்யும் நோட்டீஸ் வந்தது. அம்சவேணி இல்லாததால், அக்கம்பக்கத்தார் என்ற முறையில் மகாராணியே அதை வாங்கிக்கொண்டாள்.

சிவகாமி எட்டிப் பார்த்தாள். “என்னக்கா, இங்க அம்சவேணின்னு ஒரு அழுங்கு இருந்துச்சாமே? பதினாலு வருஷமா நான் கவனிக்கவே இல்ல பாருங்க. பாவம், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பேன்.”

அம்சவேணி நோட்டீஸை மடித்துக்கொண்டாள். உள்ளே போய், அம்மாவின் கோடுகளில் முதுகைச் சாய்த்து, வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

அடுத்த வருடம் பரந்தாமன் புதுத் தொடர் எடுத்தார். வேற்றுக்கிரக மகாராணி ஒருத்தி, ஒரு காட்டில் அழுங்கு வேடம் போட்டு ரகசியமாக வாழ்கிற கதை. மகாராணியாக அம்சவேணிதான். தொடர் நன்றாக ஓடியது. கோதண்டம் மட்டும் ஒரு குறை எழுதிப் போட்டார்: ‘எல்லாம் பிரமாதம். ஆனால் அழுங்கு வேடம் அம்மையாருக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. ஓர் உண்மையான அழுங்கைப் பார்த்துப் பழகிக்கொள்வது நல்லது.’

நீதி: பிறந்த ஊரில் சொந்த வீட்டில் குடியிருக்க வேண்டுமானால், முதலில் வேறு கிரகத்திலிருந்து வந்து இறங்குங்கள், இறங்குவதை எழுத்தர் டி.வி.யில் பார்த்தாரா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.