இரண்டரை அங்குல மெத்தை

நேசம்மாள் டீச்சர் கடைசியாகச் செய்த சாதாரண காரியம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் புருஷன் ரசலையனின் வெள்ளைச் சட்டையையும் வேட்டியையும் இஸ்திரி போட்டுக் கட்டிலின் ஓரத்தில் எடுத்து வைத்தது. மறுநாள் ஆராதனைக்கு அவர் அதைப் போட்டுக்கொண்டு போகவில்லை. திங்கட்கிழமை அவளை அடக்கம் செய்யப் போட்டுக்கொண்டு போனார்.

அதன்பிறகு பதினொரு மாதமாக, எங்கே போக எதை உடுத்துவது என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை. இழவு வீட்டுக்குப் பூப்போட்ட சட்டையில் போய் நின்றார். கல்யாண வீட்டில் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். அதிலெல்லாம் பெரிய மோசம் வந்துவிடவில்லை. மோசம் வந்தது சைக்கிள் கிளாஸில்.

அவருடைய சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு. அதைக் கேட்ட மகள் ஷெர்லி சார்ஜாவிலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். குழித்துறையில் ஒரு ஜிம்மில் சைக்கிள் கிளாஸ் நடக்கிறது, சேர்த்துவிட்டேன், மாதம் பன்னிரண்டு கிளாஸ் போக வேண்டும் என்றாள்.

"போவியளா, இல்ல நான் வந்து கையோட கூட்டிட்டுப் போவட்டா?"

அவளுடைய சார்ஜா வீட்டில் அவர் ஒருமுறை நாற்பது நாள் இருந்திருக்கிறார். பதினாலாம் மாடி. சன்னலைத் திறக்க முடியாது. எதிர்வீட்டுக்காரன் பெயர் நாற்பதாவது நாளும் தெரியவில்லை. பரிகாசம் செய்ய ஓர் ஆள் கிடைக்காத ஊரில் ரசலையன் எப்படி உயிரோடிருப்பது? அதுபோக, நேசம்மாள் படுத்திருப்பது இங்கே சபைக் கல்லறைத் தோட்டத்தில். தினமும் ஐந்து மணிக்கு அங்கே போய்க் கால்மணி நேரம் நிற்காமல் அவருக்குக் காப்பி இறங்காது. சரி, போகிறேன் என்றார்.

ஜிம் ஒரு பர்னிச்சர் கடையின் மாடியில் இருந்தது. இருட்டறை, காதைக் கிழிக்கும் பாட்டு, பன்னிரண்டு சைக்கிள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சக்கரம், அதுவும் தரையில் படாது. வெளியே இறங்கி நின்றால் ஓசியில் வேர்க்கிற ஊரில், குளிரூட்டிய அறைக்குள் காசு கொடுத்து வேர்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குக் காரில் வேறு வந்திருந்தார்கள். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராயிருந்த காலத்தில் களியக்காவிளை வரைக்கும் நாய் துரத்த சைக்கிள் மிதித்தவர் ரசலையன். அந்த நாய்களுக்கு யாரும் பீஸ் கொடுத்ததில்லை.

முதல் நாள் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் போனார். முதன்முதலாக ஓர் இடத்துக்குப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு சீப்பு மட்டிப்பழமும் வாங்கிக்கொண்டார். பயிற்சி கொடுக்கிற ஆன்ட்ரூஸ் கடற்கரைப் பையன், பெங்களூரில் படித்தவன். உடம்பும் உடுப்பும் உறை போட்ட தலையணைபோல ஒட்டிக் கிடந்தன. அவன் பழத்தை வாங்கிக்கொண்டான், ஆளை ஏற்றவில்லை. வேட்டி சக்கரத்தில் மாட்டும் என்று சொல்லி ஒரு தாளை நீட்டினான். உட்காருமிடத்தில் பேட் வைத்த காற்சட்டை, கெட்டியான அடியுள்ள ஷூ, துண்டு, தண்ணீர்.

துண்டுக்கு வீட்டில் துவர்த்து கிடந்தது. தண்ணீருக்குப் பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்கவைத்த சிவப்பு வெள்ளம் இருந்தது. கெட்டி அடிக்கு, கரண்டு பிடிக்காமலிருக்க மின்வாரியத்தில் கொடுத்த ரப்பர் பூட்ஸ் முழங்கால் உயரத்தில் பரணில் இருந்தது. காற்சட்டைதான் இல்லை. தையற்காரர் கிருஷ்ணமணியிடம் போனார். சபைப் பாடகர்களுக்கு அங்கி தைப்பதும், ஆலயத்து பெஞ்சுகளுக்கு மெத்தை தைப்பதும் அவர்தான்.

"பேடு எங்க வைக்கணும்?" என்றார் கிருஷ்ணமணி.

ரசலையன் கடையில் வேறு ஆளில்லை என்று பார்த்துக்கொண்டு தொட்டுக் காட்டினார்.

"எவ்வளவு நேரம் இருக்கணும்?"

"ஒரு மணிக்கூர்."

"அப்பம் பிரசங்கக் கணக்காக்கும். முக்கால் மணிக்கூர் பிரசங்கத்துக்கு ரெண்டு இஞ்சு போடுவேன். ஒமக்கு ரெண்டரை போடுதேன் ஓய். பயப்படாம இரியும்."

பெஞ்சில் போடுகிற அதே பஞ்சு. போட்டுக்கொண்டு கண்ணாடியில் பின்புறம் திரும்பிப் பார்த்தபோது, தனக்குப் பின்னால் வேறு யாரோ வருவதுபோல் இருந்தது அவருக்கு. மறைக்க ஒரே வழி, மேலே வேட்டியைக் கட்டுவது. கட்டினார். மறைந்ததெல்லாம் வேட்டிக்குள் பெருத்தது.

இரண்டாவது கிளாஸுக்குப் போன பஸ்ஸில் அடுத்த வீட்டு விக்டோரியா இருந்தாள். சபைப் பெண்கள் சங்கத்தின் செயலாளர். ரசலையன் அவள் முன் சீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் பாதி நின்றதுபோலவே உயரத்தில் இருந்தார். காலில் ரப்பர் பூட்ஸ், கையில் சிவப்பு வெள்ளம்.

"என்னவாக்கும் அண்ணே, உள்ள கட்டு போட்டிருக்கா?"

சைக்கிள் கிளாஸ் என்று சொல்ல நாக்கு எழவில்லை. முப்பது வருஷமாகக் காலையில் நடக்கிறவனையும் கையை ஆட்டுகிறவனையும் ஓட ஓடப் பரிகசித்தவர். விக்டோரியாவின் புருஷன் பாறைக்காட்டு மைதானத்தில் ஓடிய மூன்றே நாளில் நிறுத்தியதற்குக் காரணமே இவர் வைத்த பட்டப்பெயர்தான். ஆகவே, "டாக்டரு சொன்னது" என்று மட்டும் சொன்னார். பொய் இல்லை. ஆனால் விக்டோரியாவுக்கு அது போதும்.

அன்றும் ஆன்ட்ரூஸ் ஏற்றவில்லை. ரப்பர் பூட்ஸ் பெடலின் வாருக்குள் நுழையவில்லை. போதாததற்கு சிவப்பு வெள்ளத்தை வாங்கி ஒருமுறை மோந்தும் பார்த்தான். ஆயுளில் கள்ளுகூடத் தொடாத ரசலையனுக்கு அது கன்னத்தில் அடித்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆயர் ஜெபக் குறிப்புகளை வாசித்தார். சரீரத்தின் மறைவான பாகத்தில் அறுவைச் சிகிச்சை செய்து உபாதைப்படுகிற சகோதரர் ரசலையனுக்காக என்றார். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ரசலையன் வெட்கத்தில் அசையாமல் விறைத்து உட்கார்ந்தார். அசைய முடியவில்லை போலிருக்கிறது என்று சபை இன்னும் உருக்கமாகக் கண்ணை மூடியது. ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுவிலிருந்த கிருஷ்ணமணி மட்டும் பக்கத்தில் வந்து, மெத்தை போதுமா, இன்னும் அரை இஞ்சு வைக்கட்டுமா என்று கரிசனமாகக் கேட்டார்.

விக்டோரியா அதோடு விடவில்லை. ஒங்க அப்பா ஆபரேஷன் பண்ணிக்கிட்டு ஒன்னட்ட மறைக்காரு என்று சார்ஜாவுக்கும் போன் போட்டுவிட்டாள். திங்கட்கிழமை காலையில் ஷெர்லி அழைத்தாள். ஆபரேஷனே இல்லை என்று அவர் சத்தியம் செய்தார். அப்படியென்றால் கிளாஸுக்குப் போனீர்களா என்று கேட்டாள். ரெண்டு நாள் போனேன் என்றார். ஏறினீர்களா என்று கேட்டாள். அவர் ரப்பர் பூட்ஸைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

"இண்ணைக்கு சாயங்காலத்துக்குள்ள நீங்க சைக்கிள்ல இருக்க போட்டோ எனக்கு வரணும். வரல்லண்ணா நாளைக்கு பிளைட் ஏறுவேன். வரும்போ ஒரு டிக்கெட், போவும்போ ரெண்டு டிக்கெட்."

சாயங்காலத்துக்கு முன்னாலேயே ரசலையன் ஜிம்மில் இருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற வெள்ளை கேன்வாஸ் ஷூ வாங்கிப் போட்டிருந்தார். கிளாஸ் தொடங்கவில்லை. ஆன்ட்ரூஸும், தரை துடைத்துக்கொண்டிருந்த சொர்ணம்மாளும்தான் இருந்தார்கள். வேட்டியை அவிழ்த்துவிட்டதால் பின்புறம் யார் கண்ணிலும் படக்கூடாது என்று கடைசி வரிசையில், சுவரோரம் இருந்த சைக்கிளைப் பிடித்தார். அது வேண்டாம் சார், முன்னால் உள்ளதில் ஏறுங்கள் என்றான் ஆன்ட்ரூஸ்.

"ஏன், இது கன்னியாகுமரி வரைக்கும் ஓடுமோ?" என்று சொல்லிக்கொண்டே ரசலையன் ஏறிவிட்டார்.

இரண்டரை அங்குலம் அவரைத் தூக்கிப் பிடித்தது. கால் பெடலுக்கு எட்டவில்லை, காற்றில் தொங்கியது. அது போட்டோவில் விழாமல் இடுப்புக்கு மேலே எடுக்கச் சொன்னார். துவர்த்தைக் கழுத்தில் போட்டு, கைப்பிடியைப் பிடித்து, உலகத்தையே மிதித்துத் தள்ளுகிறவர்போல முகத்தை வைத்துக்கொண்டார். ஆன்ட்ரூஸ் அனுப்பிய இரண்டாவது நிமிஷம் ஷெர்லியின் பதில் வந்தது. டிக்கெட் போடவில்லை, கிளாஸை விடாதீர்கள், அந்தச் சைக்கிளிலேயே இருங்கள் என்று எழுதியிருந்தாள்.

ரசலையன் ஜெயித்துவிட்டார். சார்ஜாவின் பதினாலாம் மாடி போய்த் தொலைந்தது. ஜெயித்த வாய் சும்மா இருக்குமா? இந்தக் கூத்தை என் வீட்டுக்காரி பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள் என்று ஆரம்பித்து, ஊரில் மூளையுள்ள ஒருவராவது இதில் ஏறி உட்காருவாரா என்று ஆன்ட்ரூஸிடமே கேட்டார். ஆனாலும் காசு கட்டியாகிவிட்டது, மிதித்தே தீரவேண்டும்.

"எலே, இந்த சீட்ட ரெண்டு இஞ்சு கீழ இறக்கு" என்றார்.

ஆன்ட்ரூஸ் குனியவில்லை. சொர்ணம்மாளைப் பார்த்தான். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அருகே வந்தாள்.

"அது ஒரு டீச்சரக்காவுக்க சைக்கிளாக்கும் சாரே, நேசம்மாள்னு பேரு. வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா பரிகசிச்சு இருக்க விடமாட்டாருன்னு, ஜெபக்கூட்டத்துக்குப் போறதா சொல்லிட்டு ரெண்டு வருஷம் வந்து மிதிச்சாவ. அவிய போய் பதினோரு மாசமாச்சு. அந்த சீட்ட நாங்க இன்னும் மாத்தல்ல."