ஸ்டியரிங்கில் ஒட்டிய கிரீடம்

முன் பல் உடைந்த மனிதனை உலகம் சும்மா விடுவதில்லை. எப்படி உடைந்தது என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அலுத்துப்போய், கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் என் அக்கா, அதாவது ராத்தா, இருந்தால் அதுவும் எடுபடாது. "பொய் சொல்றான். கிரீடம் பட்டு ஒடஞ்சது" என்பார். பிறகு முழுக் கதையையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கல்யாணத்துக்கு முந்திய வாரம் என் பழைய காரை அலங்கரித்தேன். ஸ்டியரிங் நடுவில் கண்ணாடிக் கல் பதித்த ஓர் இரும்புக் கிரீடம். வாப்பா உட்காரும் பக்கம், டாஷ்போர்டில் ஒரு கண்ணாடி டொல்பின். (கற்பிட்டிக் கடலில்கூட அவ்வளவு நீல டொல்பின் கிடையாது.) இரண்டு இடத்திலும் உள்ளே காற்றுப்பை (ஏர்பேக்) இருப்பதாக எழுதியிருந்தது. அந்த எழுத்து அசிங்கமாக இருக்கிறதென்றுதான் அதன்மேலேயே ஒட்டினேன்.

மாப்பிள்ளையே கார் ஓட்டிப் போவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. "டிரைவர் ஒருத்தன புடிப்பமே, ஒனக்கு ஏன்டா இந்த வேல?" என்றார் வாப்பா. என் கிரீடத்தை இன்னொருவன் பிடிப்பதா? தில்லையடியிலிருந்து ஆலங்குடாவில் உள்ள பெண் வீட்டுக்கு நானே ஓட்டினேன். பின் சீட்டில் ராத்தா, மடியில் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டலப்பச் சட்டியோடு.

கற்பிட்டி வீதியில், நடு ரோட்டில் ஒரு கழுதை நின்றது. ஹோன் அடித்தேன். அது என்னைப் பார்த்ததே தவிர நகரவில்லை. நான் ஸ்டியரிங்கை வெட்டி ஒடித்து, ஒரு தென்னையில் போய் முட்டினேன். காற்றுப்பை இரண்டும் வெடித்து விரிந்தன. உயிரைக் காப்பாற்ற வைத்த சாமானின் வாசலில் நான் இரும்பை ஒட்டி வைத்திருந்தேன். கிரீடம் என் வாயில் பாய்ந்தது. டொல்பின் வாப்பாவின் காதை உரசிக்கொண்டு பறந்து வட்டலப்பத்துக்குள் இறங்கியது. கொஞ்சம் தள்ளியிருந்தால் வாப்பாவின் கண் போயிருக்கும்.

மீன் லொறி ஒன்றில் ஏறித்தான் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் மீன் ஐஸை உதட்டில் வைத்தும் வீக்கம் அடங்கவில்லை. நிக்காஹ்வில் மாப்பிள்ளைக்கு இருப்பதே ஒரு வேலைதான். பெண்ணின் வாப்பா மகளைத் தருகிறேன் என்றதும், ஏற்றுக்கொண்டேன் என்று அரபியில் சொல்ல வேண்டும். நான் வாயைத் திறந்தேன். காற்றும் கொஞ்சம் இரத்தமும் வந்தன.

"வெளங்கல்லியே," என்றார் நிக்காஹ் நடத்த வந்த ஹஸ்ரத். "மாப்பிள்ளைட வாயால தெளிவா வரணும். இல்லாட்டி இன்னொரு நாளைக்கு வெப்பம்."

மாமனாரின் முகம் சுருங்கியது. "மகன், ஒங்களுக்கு விருப்பமில்லையா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டாம் தரமும் காற்றுத்தான். மூன்றாம் தரம் உதட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினேன். உள்ளறையில் பெண்கள் சிரித்தது முற்றம் வரை கேட்டது. "சரி, போதும்" என்றார் ஹஸ்ரத்.

இப்போதைய காரில் ஒரு பொட்டு அலங்காரமும் கிடையாது. ஆனால் வீட்டில் நான் எதற்குச் சம்மதித்தாலும் என்னுடைய வெறும் 'ஓம்' செல்லுபடியாவதில்லை. நேற்றும் என் மனைவி ஷிபானா, "வரக்குள்ள பேக்கரீல பாண் வாங்கிட்டு வாரீங்களா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அவள் வாசலை விட்டு நகரவில்லை. பிள்ளைகளும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஒதட்டத் தூக்கிட்டுச் சொல்லுங்க."

தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.