தட்டு மாற்றும் முன் ஒரு தட்டு

அடுத்தவர் செய்த பொருளில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஒரு பொதுவான வியாதி உண்டு. சொந்தக் காரியம் என்று வந்துவிட்டால் கண் தெரியாது. என்னைப் பற்றித்தான் சொல்கிறேன்.

கொட்டாம்பட்டி போகும் வழியில், வண்டிகளுக்கு ரப்பர் வாஷர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருக்கிறேன். வாஷரின் நடுவில் இருக்க வேண்டிய ஓட்டை நடுவில்தான் இருக்கிறதா என்று பார்ப்பது என் பிரதான வேலை. (ஓட்டையைப் பார்க்க ஓர் அதிகாரியா என்று கேட்காதீர்கள். என் அம்மாவே கேட்டுவிட்டார்.) தலைமுடி அளவு விலகியிருந்தாலும் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவேன். எனக்குப் பின்னால் என்னை ‘ஓட்டை சார்’ என்று கூப்பிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்பேர்ப்பட்டவனின் நிச்சயதார்த்தமே ஓர் ஓட்டையால் நின்றுபோகப் பார்த்தது.

பெண் உசிலம்பட்டி. பெயர் கார்த்திகா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெரியவர்கள் பார்த்துப் பேசி முடித்த சம்பந்தம்தான். முடித்த பிறகு நாங்கள் இருவரும் போனில் பேச ஆரம்பித்தோம். அவள் நன்றாகப் பாடுவாள், தானே பாட்டு எழுதி மெட்டும் போடுவாள் என்று போனில்தான் தெரிந்தது. ஒரு நாள் ஒரு பாட்டு அனுப்பினாள். பள்ளியில் பாட்டு டீச்சர் கித்தார் வாசிக்க, இவள் பாடியது. ‘வேறெதுவும் வேண்டாம், வண்டியில் உன் பின்னால் ஓர் இடம் போதும்’ என்று வரும். அதைக் கேட்ட அன்று வீட்டுக்குப் போகும்போது, பின்சீட்டைத் துடைத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து என் சிநேகிதன் சிக்கந்தர் ஒரு காரியம் செய்தான். அவன் டவுனில் ஸ்பீக்கர் கடை வைத்திருப்பவன். கிராமபோன் ரெக்கார்டுக்கெல்லாம் மறுபடி மவுசு வந்துவிட்டது, இப்போது புதுசாகவே அச்சடிக்கிறார்கள் என்று சொல்லி, ஒரு தட்டைப் போட்டுக் காட்டினான். நான் விழுந்துவிட்டேன். போனில் வந்த பாட்டு போனோடு போய்விடும், ரெக்கார்டு காலத்துக்கும் நிற்கும் என்று அவனுக்கே திருப்பிப் பிரசங்கம் செய்தேன். நிச்சயதார்த்தத்தன்று கார்த்திகாவுக்குத் தெரியாமல் அவள் பாட்டை ரெக்கார்டாக அடித்து, சபையில் போட்டு அசத்துவது என்று முடிவாயிற்று.

அச்சடிக்கும் கம்பெனி வடக்கே எங்கோ இருந்தது. நூறு தட்டுக்குக் குறைந்து அடிக்க மாட்டோம் என்றார்கள். அதுவும் நல்லதுதான், தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பக்கத்தில் ஆளுக்கொன்று போட்டுவிடலாம் என்று நினைத்தேன். வரப்போகிற சொந்தக்காரர்களில் ஒருவர் வீட்டில்கூட ரெக்கார்டு பிளேயர் கிடையாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. (என் வீட்டிலும் கிடையாது.)

மொத்தமாக அடிப்பதற்கு முன் ஒரு மாதிரித் தட்டு அனுப்பினார்கள். போட்டுக் கேட்டுப் பார்த்துச் சரி என்று எழுதினால்தான் மற்றதை அடிப்போம் என்று தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். சிக்கந்தர் அதைக் கடைக்குக் கொண்டுவரச் சொன்னான். நான் மாட்டேன் என்றுவிட்டேன். முதல் தடவை அதை அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்பேன் என்றேன். சிக்கந்தர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

“மாப்ள, இது பாட்டுடா. தாலி இல்ல” என்றான்.

நான் கேட்கவில்லை. தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். கருகருவென்று பளபளத்தது. விளிம்பைத் தடவிப் பார்த்தேன். உறையில் கார்த்திகா பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தேன், பிழையில்லை. ஓட்டையைப் பார்த்தேனா? பார்த்தேன். ஓட்டை இருந்தது. அந்தத் திருப்தியோடு கம்பெனிக்கு மெயில் போட்டேன்: ‘மிகச் சிறப்பு. அச்சடிக்கவும்.’

நிச்சயதார்த்தம் திருப்பரங்குன்றத்தில் ஒரு சின்ன மண்டபத்தில். உசிலம்பட்டியிலிருந்து அவர்கள் வேன் பிடித்து வந்தார்கள். சிக்கந்தர் தன் சொந்த பிளேயரைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக் காரில் கொண்டுவந்து, மேடையில் பெரிய ஸ்பீக்கரோடு இணைத்துவிட்டு, என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னான். தட்டின் மேல் ஓடும் அந்த முள்ளில் மட்டும் கை வைக்காதே, ரொம்ப நுணுக்கமானது, முடிந்ததும் நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். நான் ஆரம்பிக்கிற சமயத்தில் முதல் பந்தியில் இலை காலியாக இருக்கிறது என்று யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். போகிற போக்கில் முள்ளைத் தட்டில் இறக்கிவிட்டு ஓடிவிட்டான்.

முன்னுரைக்கு மூன்று நிமிஷம் வாசிக்கும் வசனமெல்லாம் தயார் செய்திருந்தேன். பாட்டு ஆரம்பிக்கும் அவசரத்தில் ஒரு வரிதான் சொல்ல முடிந்தது. மைக்கைப் பிடித்து, “பெரியவங்க தட்டு மாத்துறதுக்கு முன்னாடி நான் ஒரு தட்டு போடுறேன்” என்றேன். போட்டோகிராபர் மட்டும் சிரித்தார். அவருக்குக் காசு கொடுத்திருந்தோம்.

மைக்கைக் கார்த்திகாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டாண்டில் மாட்டினேன். அணைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

கித்தார் வந்தது. குடித்துவிட்டு வந்த மாதிரி வந்தது. ஏறியது, சறுக்கியது, சமாளித்து மறுபடி ஏறியது. அப்புறம் கார்த்திகாவின் குரல். நீட்டிப் பாடுகிற இடத்திலெல்லாம் அந்தக் குரல் நடுங்கி, இழைந்து, தாழ்ந்து, எழுந்தது. சொல்லப்போனால் விம்மியது. மூச்சு விட்டு மூச்சு விட்டு, மாறாத ஒரே சீரில் விம்மியது. பெண்கள் வரிசையில் பேச்சு நின்றது. புள்ள அழுதுக்கிட்டே பாடியிருக்கு போல என்று யாரோ மெதுவாகச் சொன்னது மேடைவரை கேட்டது.

நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். உணர்ச்சிகரமாக இருக்கிறது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன் என்பதை இங்கே மறைப்பதற்கில்லை.

பிறகு பல்லவி வந்தது. ‘வேறெதுவும் வேண்டாம்’ என்று வந்தது. டக்கென்று ஒரு சத்தம். ‘வேண்டாம்.’ டக். ‘வேண்டாம்.’ டக். ‘வேண்டாம்.’

அழுகிற குரலில், ஆளுயர ஸ்பீக்கரில், இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருக்கிற சபையில், கல்யாணப் பெண் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

முள்ளைத் தொடக் கூடாது என்பது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதனால் பழைய டிவியைத் தட்டுகிற மாதிரி பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினேன். முள் கொஞ்சம் பின்னால் குதித்து, கித்தாரில் ஆரம்பித்து, நிதானமாக விம்மிக்கொண்டு வந்து, மறுபடி அதே வேண்டாமில் உட்கார்ந்தது. என் அம்மா கண்ணாலேயே என்னை எரித்தார். கார்த்திகாவின் அப்பா வாழைப்பழத் தட்டைக் கையில் ஏந்தியபடி, அதைக் கீழே வைப்பதா கொடுப்பதா என்று தெரியாமல் நின்றார்.

கார்த்திகாவைப் பார்த்தேன். குனிந்திருந்தாள். முகத்தை முந்தானையால் மூடியிருந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஒச்சப்பன் மாமா எழுந்தார். கார்த்திகாவின் தாய்மாமன். உசிலம்பட்டிச் சந்தையில் மாட்டு வியாபாரம். நல்ல உயரம், பேச்சு ரொம்பக் குறைவு. அவர் பேசாமல் பார்த்தாலே விற்கிறவர் விலையைக் குறைத்துவிடுவார் என்பார்கள். மேடைக்கு வந்தார், என்னைப் பேசாமல் பார்த்தார். என் விலை அங்கேயே பாதியாகிவிட்டது. சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினார். கார்த்திகாவின் குரல் இழுபட்டு, கனத்து, கடைசியில் எருமை கத்துவதுபோல் ‘வேஏண்’ என்று அடங்கியது.

அவர் கார்த்திகாவின் நாற்காலிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவளுக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகத்தான் பேசினார். மைக்குத்தான் பக்கத்திலேயே இருந்ததே. சபை முழுக்கக் கேட்டது.

“ஆத்தா, மாமன் இருக்கேன். இம்புட்டுப் பேரு இருக்காகளேன்னு பாக்காத. உனக்குப் பிடிக்கலைன்னா ஒரு வார்த்தை சொல்லு. வந்தவுகளைச் சாப்பிட வச்சு மரியாதையா அனுப்பிருவோம். உன்னை ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக.”

அந்த நேரத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. ஜாதகம் பார்த்தோம், நாள் பார்த்தோம், மண்டபம் பார்த்தோம். அவளிடம் அத்தனை நாள் போனில் பேசியிருக்கிறேன், சாப்பிட்டாயா என்று தினமும் கேட்டிருக்கிறேன். என்னைக் கட்டிக்கொள்ள உனக்குச் சம்மதமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவள் வீட்டிலும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பாட்டு அனுப்பினாள் என்பதை வைத்து நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். ஒருவேளை பாட்டு டீச்சருக்காகப் பாடியிருந்தால்? கால் பெருவிரலால் மேடைக் கம்பளத்தை நோண்டிக்கொண்டு நின்றேன். நாங்கள் பெண் பார்க்கப் போன அன்று அவள்கூட அப்படி நிற்கவில்லை.

கார்த்திகா முந்தானையை எடுத்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர். பேச முயன்றாள், மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்:

“ரெக்கார்டுக்குத்தான் மாமா பிடிக்கல. எனக்குப் பிடிச்சிருக்கு.”

மாமா கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார். நம்பலாமா என்று பார்க்கிற பார்வை. பிறகு எழுந்து, வேட்டியை உதறிவிட்டு, கார்த்திகாவின் அப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தட்டு மாறியது. அதற்குப் பிறகுதான் சபை சிரிக்க ஆரம்பித்தது. இன்றுவரை முழுசாக நிறுத்தவில்லை.

மோர்ச்சாதம் முடித்துவிட்டு வந்த சிக்கந்தர், நடந்ததைக் கேட்டு, தட்டை மறுபடி சுழலவிட்டான். சத்தத்தைக் குறைத்துவிட்டு முள்ளை மட்டும் பார்க்கச் சொன்னான். தட்டு ஒரு சுற்றுச் சுற்ற, முள் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஊஞ்சல் ஆடியது. ஓட்டை நடுவில் இல்லை. குரல் அழுததற்கு அதுதான் காரணம். பல்லவிக்குப் பக்கத்தில் கடுகுக்கும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மேடு. முள் அதில் இடறி, வந்த கோட்டிலேயே திரும்பத் திரும்ப விழுந்திருக்கிறது. தாம்பூலப் பையில் போட வைத்திருந்த தட்டுகளை எடுத்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் அதே ஓட்டை, அதே மேடு. மாதிரித் தட்டிலும்தான். சிக்கந்தர் என் பக்கம் திரும்பினான். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை மட்டும் ஒருமுறை சொல்லச் சொன்னான்.

கம்பெனிக்குக் கோபமாகப் புகார் எழுதினேன். அவர்கள் மரியாதையாக, நான் அனுப்பிய ‘மிகச் சிறப்பு’ மெயிலையே திருப்பி அனுப்பினார்கள். அதன் அடியில் என் பெயரும், பெயருக்குக் கீழே ‘தர ஆய்வாளர்’ என்பதும் தெளிவாக இருந்தன.

நிச்சயதார்த்தத்தன்று சாயங்காலமே கார்த்திகாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டிருந்தேன். அவள் பாட்டை அவளைக் கேட்காமல் ஊரறியப் போட்டதற்கும் சேர்த்துத்தான். அதெல்லாம் பரவாயில்லை என்றாள். கொஞ்சம் பொறுத்து, “மாமா கேட்டாருல்ல, அதை நீங்க ஒரு தடவை கேட்டிருக்கலாம்” என்றாள்.

இப்போது கேட்கட்டுமா என்றேன். கேளுங்கள் என்றாள். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டு (ஏன் என்று தெரியாது) கேட்டேன்.

“யோசிச்சுச் சொல்றேன்” என்று போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை வகுப்புக்குப் போகும் முன்தான் பதில் வந்தது. அன்றைக்குத் தொழிற்சாலையில் ஒரு வாஷரைக்கூட நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

தட்டுகளை என்ன செய்வது? பையில் போட்டுக் கொடுத்தாயிற்று. என் சின்ன அத்தை ஒன்றை இட்லி மாவுச் சட்டிக்கு மூடியாக வைத்திருக்கிறார், கச்சிதமாகப் பொருந்துகிறதாம். கார்த்திகாவின் தம்பி ஒன்றில் கடிகாரம் செய்து, கல்யாணமானதும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து மாட்டினான். ஓட்டை ஓரமாக இருப்பதால் அதில் மூன்று மணிக்கும் நாலு மணிக்கும் நடுவே இடம் நெருக்கடி. கார்த்திகா அந்தப் பாட்டை இப்போது நேராகப் பாடினால் சொந்தக்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை. விம்மிப் பாடச் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் நடந்தது. அவர்கள் குடும்பத்தில் சம்பந்தம் பேசும்போது, பெண்ணைத் தனியே கூப்பிட்டு உனக்குச் சம்மதமா என்று கேட்பதற்கு ‘ரெக்கார்டு போடுறது’ என்று பெயர் வந்துவிட்டது. முதலில் கேலிக்குத்தான் சொன்னார்கள். அப்புறம் பழகிவிட்டது. பெரியவர்களே, நாள் குறிப்பதற்கு முன்னால், புள்ளைக்கு ரெக்கார்டு போட்டாச்சா என்று விசாரிக்கிறார்கள்.

போன தை மாதம் ஒச்சப்பன் மாமாவின் மகளுக்கு ஓர் இடம் வந்தது. நல்ல இடம், தோட்டம் துரவு, மாப்பிள்ளைக்கு நல்ல உத்தியோகம். எல்லாம் கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான். அப்போது ஒருநாள் மத்தியானம், நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது மாமா போன் செய்தார். அவராக எனக்குப் போன் செய்வது அதுதான் முதல் தடவை. பின்னால் சந்தைச் சத்தம் கேட்டது.

“மாப்ள, ரெக்கார்டு போட்டுப் பாத்தேன்” என்றார். “புள்ள வேண்டாம்னுருச்சு. விட்டுட்டேன்.”

சரிங்க மாமா என்றேன்.

“வருத்தந்தான்” என்றார். யாரோ அவரை மாட்டுக்கு விலை கேட்டார்கள், இரு என்று அதட்டிவிட்டு மறுபடி போனுக்கு வந்தார். “ஆனா ராத்திரி புள்ள நல்லாச் சாப்பிட்டுச்சு மாப்ள.”