படிமுனிக்கு ஒரு பிடி கரி

ஐம்பத்தெட்டாம் வருஷம், ஆடி மாதம். ஸ்ரீரங்கத்துக் காவிரிப் படித்துறையில் குளிக்க வந்தவர்களைவிட முனிக்குப் பயந்து வந்தவர்கள் அதிகம். திருவெள்ளறையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். துவாக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள்.

படிமுனி என்று ஒன்று இருக்கிறதாம். படியில் உட்கார்ந்து கிழடுகளின் காலைப் பிடித்து இழுக்குமாம். வாலிபர்களைத் தொடாதாம். கண் நன்றாகத் தெரிகிற கிழவர்களையும் தொடாதாம். அவ்வளவு விவரமான முனி.

அதைக் கட்டுகிறவர் அம்மாசிச் சாமியார். படியின் விளிம்பில் திருநீற்றால் நீளக் கோடு இழுப்பார், மந்திரம் சொல்வார், தட்சிணை வாங்கிக்கொண்டு மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டுவார். "இப்ப இறங்கு தாயி!" என்பார். கிழவிகள் தடுமாறாமல் இறங்குவார்கள். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

பொன்னுத்தாயும் அப்படித்தான் இறங்கினாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. மறுநாளே வீட்டுக் கொல்லைப் படியில் விழுந்து முட்டி வீங்கியது.

"கயிறு கட்டியும் விழுந்தியே?" என்றார் புருஷன் அழகிரி.

"விரதத்துல ஏதோ குறையாம். சாமி சொல்லிட்டாரு."

"திங்கக்கிழமை ஆஸ்பத்திரியில பெட்டு தரேன்னிருக்காங்க. புரையை எடுத்துட்டா..."

"கத்தி பட்டா கயிறு செத்துடுமாம். நான் வரலைங்க."

"அடுத்த தடவை இடுப்பு ஒடிஞ்சா?"

"சாமி இருக்காரு."

"தூக்கறதுக்கா? சரி, படித்துறையில மட்டும் எப்படி விழாம இறங்கினே?"

"அந்த வெள்ளைக் கோடு தெரிஞ்சுது. காலை வச்சேன்."

அழகிரி எழுந்தார். அடுப்படியில் போய்க் கரி இடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பொன்னுத்தாயையும் கூட்டிக்கொண்டு படித்துறைக்குப் போனார்.

"சாமி, முனியைக் கட்டறது மந்திரமா, திருநீறா?"

"மந்திரம்யா! கோடு சும்மா ஒரு எல்லை."

"அப்ப இந்தக் கரிப்பொடியில எல்லை போடுங்க."

"கரி ஆகாது."

"ஏன், முனிக்குக் கண்ணு சரியில்லையா?"

கூட்டத்திலிருந்து ஒரு பக்தர் கத்தினார்: "போடுங்க சாமி! உங்க மந்திரத்துக்குக் கரி என்ன, நீறு என்ன!" சாமியார்களுக்குப் பக்தர்களைப்போல ஆபத்து வேறில்லை.

கறுப்புக் கல்லில் கறுப்புக் கோடு விழுந்தது. மந்திரமும் முடிந்தது. பொன்னுத்தாய் காலை எடுத்தாள். அழகிரி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ இரு. முதல்ல சாமி இறங்கட்டும். அவருக்குத்தான் முழங்கை வரைக்கும் கயிறு இருக்கே."

சாமியாருக்கும் எழுபதை நெருங்கும் வயது. காலால் துழாவினார். படி இருந்த இடத்தை விட்டுவிட்டு இல்லாத இடத்தில் காலை வைத்தார். தண்ணீருக்குள் போய் உட்கார்ந்தார். அவர் மடியிலிருந்து மூக்குக்கண்ணாடி ஒன்று நழுவிப் படியில் விழுந்தது. மகான்கள் அதை ஊரறியப் போட்டுக்கொள்ள முடியுமா?

"ஐயோ சாமி, முனி இழுத்துச்சா?" என்று பக்தர் அலறினார்.

"முனியாவது கினியாவது! படி தெரியலைய்யா, தூக்கு!"

பொன்னுத்தாய் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஏங்க, பெட்டு நாளைக்குக் காலையிலயா?"

அன்று சாயங்காலமே கொல்லைப் படியின் விளிம்பில் அழகிரி சுண்ணாம்புக் கோடு இழுத்தார். மந்திரம் சொல்லவில்லை. முனி வரவில்லை.

சாமியார் இப்போது வேறு ஊர்ப் படித்துறையில் இருப்பதாகக் கேள்வி. முனியும் கூடவே போயிருக்கிறதாம். கயிறு கட்டிக்கொள்ளப் போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். கையோடு ஒரு பிடி கரியும் கொண்டு போங்கள்.