மீன் நாறாத கரைவலை

நாட்டின் கரைகளை அழகுபடுத்துவதென்று அரசாங்கம் தீர்மானித்தபோது, முதலில் கண்ணை உறுத்தியவர்கள் மீனவர்கள்தான். ஆகவே சங்குமுனைக் கரையில் இருந்தவர்களைப் 'பாதுகாப்பின் நிமித்தம்' அள்ளிக்கொண்டுபோய்க் காட்டுக்குள் விட்டார்கள். அவர்களுடைய வாடிக் குடிசைகள் நின்ற இடத்தில் இராணுவம் ஒரு ஹோட்டல் கட்டியது. பேர் 'மீனவர் குடில்'.

அந்த வாடிகளில் ஒன்று அரசரத்தினத்தாருடையது. அதற்கு முன்னால் கரைவலை இழுக்கிற இடமும், அதாவது பாடும், அவர்களுடையதுதான். அதைத் திருப்பிக் கேட்டுத் தம்பி அருட்செல்வன் அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைய, அண்ணர் சுவிஸில், ஓல்டன் நகரில் பார்சல் பிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரையோர அழகுபடுத்தல் அதிகாரசபையின் பணிப்பாளர் ஓல்டனுக்கே எழுந்தருளித் தமிழருக்கு விளக்கக்கூட்டம் வைத்தார். அரசரத்தினத்தார் எழும்பினார்.

"ஐயா, எங்கடை கரையை எப்ப தருவியள்?"

"நல்ல கேள்வி. அங்கே இப்போது வெள்ளைக்காரர் படுத்திருக்கிறார்கள். எழுப்பலாமா?"

"தம்பி வலை போடவேணும்."

"அதுவும் எமது கவனத்திற்கு வந்தது. படமெடுக்க மீனவர் இல்லையென்று விருந்தினர் முறையிட்டார்கள். ஆகவே சிப்பாய்களுக்கு இடுப்பில் சாரம் உடுத்திவிட்டோம். காலையும் மாலையும் வலை இழுக்கிறார்கள்."

"மீன் படுதோ?"

"சேச்சே, மீன் நாறும்."

அந்த ஹோட்டலில் ஒரு தமிழரும் கால் வைக்கக்கூடாதென்று அரசரத்தினத்தார் அங்கேயே முழங்கினார். மண்டபம் கைதட்டியது. தட்டிய கையோடு அரைவாசிப்பேர் வாசலில் ஹோட்டல் பதிவுக்குப் போட்டிருந்த மேசைக்குப் போய் அறைக்குச் சொல்லிவைத்தார்கள். முன்னுக்கு நின்றவர் அவர் மனைவி சுசீலாதேவி.

"இஞ்சாருங்கோ, பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டை அங்கைதான் வைக்கிறம். ஷ்லீரன் ஆக்கள் எல்லாம் அங்கைதான் செய்தவை. ட்ரோன் படத்திலை கடல் என்ன நீலம்!"

"அது எங்கடை கரையடி!"

"அப்ப இன்னும் விசேசம். அழைப்பிதழிலை போடலாம்."

ஒரு கிழமை முணுமுணுத்துவிட்டுப் பதிவை ரத்துச்செய்ய அவர் ஃபோனை எடுத்தார். அதற்குள் தம்பியின் அழைப்பு.

"அண்ணை, வேலை கிடைச்சிட்டுது! சிப்பாய்மாருக்கு இழுக்கத் தெரியேல்லையாம், எங்களை எடுத்திருக்கினம். எங்கடை கரைவலைப் பாட்டிலையே! பெறாமகளின்ரை சாமத்தியவீடுதான் முதல் வேலை. நிப்பாட்டிப்போடாதேங்கோ."

"சரியடா, வாறன். வந்து உன்னைக் கட்டிப்பிடிச்சு..."

"ஐயோ அண்ணை, தெரியாத ஆள் மாதிரி நில்லுங்கோ. விருந்தாளிகளோடை நாங்கள் கதைக்கக்கூடாதாம்."

குசினிக்குள்ளிருந்து சுசீலாதேவி எட்டிப்பார்த்தார். "வலை இழுக்கிறவைக்குச் சாரம் என்ன நிறமெண்டு ஹோட்டலாலை கேக்கினம். மேடையோடை பொருந்த ரோஸ் எண்டு சொல்லட்டோ?"

அரசரத்தினத்தார் ஃபோனை வைத்தார்.

"தம்பிக்கு நீலம்தான் வடிவு."