மூன்றாம் முறையும் ரத்தம் கேட்கிறார்கள்

ராஸ் அல் கைமா

அன்புள்ள மருமகள் அஜிஷாவுக்கு யேசுராஜ் மாமா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நீயும் உன் வீட்டுக்காரரும் ஃபர்வானியாவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமா என்பதைத்தான் இங்குள்ள லேபில் இன்னும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். நீயும் லேபில் வேலை பார்க்கிறவள். தங்கச்சி மகள் என்றும் பாராமல் கேட்கிறேன்: எடுக்கிற ரத்தத்தை நீங்கள் எல்லோரும் என்னதான் செய்கிறீர்கள்?

சிமெண்ட் ஃபேக்டரியில் எனக்குக் கிரேன் டூட்டி. மெடிக்கலில் தேறினால்தான் மறுபடி கிரேனில் ஏறலாம், இல்லாவிட்டால் ஊருக்கு டிக்கெட். கம்பெனி சொன்ன லேபுக்குப் போனேன். ஊசி போடுகிற பெண் என் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே பெயர் கேட்டாள், பிறந்த தேதி கேட்டாள், ரத்தம் எடுத்த பிறகு குழாயில் பெயர் ஒட்டும்போது மறுபடியும் கேட்டாள். அதற்குள் நான் வேறு ஆளாகிவிடுவேனா? அப்போதே எனக்கு உறைத்தது, இங்கே ஏதோ நடக்கிறது. மறுநாளே போன், திரும்ப வந்து ரத்தம் கொடுங்கள் என்று. போய்ச் சண்டை போட்டேன். லேபுக்குப் பொறுப்பாக இருப்பது ஷம்சியா என்கிற காயல்பட்டினத்துப் பெண். நிதானமாகப் பேசுகிறாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"எடுக்கும்போதே ரத்த அணு ஒடஞ்சிருக்கு அண்ணே. பொட்டாசியம் பொய்யா ஏறிக் காட்டுது. அத அப்படியே குடுத்தா உங்கள அன்ஃபிட்னு அனுப்பிருவாங்க."

"ஒடைச்சது யாரு? நானா?"

"எங்க தப்புதான். அதான் கூப்பிட்டோம்."

தன் தப்பை இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறவர்களை நம்பலாமா, நீயே சொல். சரி என்று இரண்டாவது கையையும் நீட்டினேன். அதற்கும் ரிசல்ட் இல்லை. மிஷினை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். தினமும் காலையில், விடை முன்பே தெரிந்த ரத்தம் ஒன்றை மிஷினில் போட்டுப் பார்ப்பார்களாம். "விடை தெரிஞ்சா பெறவு எதுக்கும்மா டெஸ்ட்?" என்றேன். "மிஷின் ஒழுங்கா சொல்லுதான்னு பாக்கத்தான். இன்னைக்கி தப்பா சொல்லுச்சு" என்றாள். இது போதாதென்று, வெளியிலிருந்து யாரோ பெயரில்லாத ரத்தம் அனுப்பி இவர்களுக்குப் பரீட்சை வைக்கிறார்களாம். பெயரில்லாத ரத்தம்! எங்கள் ரூம் வேலுச்சாமிக்கு இதைச் சொன்னதும் பளிச்சென்று பிடிபட்டுவிட்டது. "அண்ணே, ஒங்க ரத்தந்தேன் பேரில்லாம வேற லேபுக்குப் போகுது. ஆள் வச்சு விக்கிறாய்ங்க."

அவனே மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு இடத்துக்குக் கூட்டிப்போனான். அஜிஷா, மரியாதை என்றால் அதுதான் மரியாதை. பெயரை இருமுறை கேட்கவில்லை. பிறந்த தேதி கேட்கவே இல்லை. உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். துணைக்கு வந்த வேலுச்சாமியும் சும்மா இருப்பானேன் என்று ரத்தம் கொடுத்தான். டீ ஆறுவதற்குள் என் ரிப்போர்ட் கையில். எல்லாம் நார்மல்! நாளை கம்பெனியில் கொடுக்கப்போகிறேன். அந்தக் காயல்பட்டினத்துப் பெண் மறுபடி போன் செய்து, "மிஷின் சரியாயிடுச்சு, புதுசா ஒரு தடவ குடுத்துருங்க அண்ணே" என்றாள். அவள் மேல் புகார் எழுதப்போகிறேன். நீயும் விடை தெரிந்த ரத்தம் ஏதும் வைத்திருந்தால் உடனே அந்த வேலையை விட்டுவிடு. மாப்பிள்ளைக்கு என் அன்பு. கர்த்தர் உங்களைக் காப்பாராக.

உன் மாமா,
யேசுராஜ்

பி.கு.: மேலே எழுதியதை யாரிடமும் காட்டாதே. வேலுச்சாமியின் ரிப்போர்ட் இப்போதுதான் வந்தது. ஆறு வருஷமாகச் சுகர் மாத்திரை சாப்பிடுகிறவனுக்குச் சுகரே இல்லையாம். லட்டு வாங்கிவந்து கேம்ப் முழுக்கக் கொடுத்துவிட்டு, மாத்திரையைக் குப்பையில் போடப்போனான். சந்தேகப்பட்டு இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புள்ளிக்குப் பின்னால் வருகிற எண்கூட மாறாமல் எனக்கும் அவனுக்கும் ஒரே ரத்தம். கடைசி வரியில் இருவருக்கும் கர்ப்பம் இல்லை என்று போட்டிருக்கிறார்கள். அந்த ஒன்றை மட்டும் நம்புகிறேன். மாத்திரையைப் பிடுங்கி என் பெட்டியில் பூட்டிவிட்டேன். காலையில் வெறும் வயிற்றோடு இரண்டு பேரும் ஷம்சியாவிடம் போகிறோம். என்ன சொல்வாளோ என்று பயமாகத்தான் இருக்கிறது மக்களே. ஆனால் அவள் சொல்வது என்னைப் பற்றியதாக இருக்கும்.